காரோட்டு எல்லையில் வணிகத் தாள்: சி படிவம் முதல் மின்னொப்பம் வரை

கழக்கூட்டத்தில் தொடங்கிக் கோவளம், விழிஞ்ஞம் பக்கமாகத் தெற்கே வரும் நான்குவழிப் புறவழிச்சாலை காரோட்டில் முடிகிறது. ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையோடு கேரளமும் அங்கே முடிந்துவிடுகிறது. அப்பால் கன்னியாகுமரி மாவட்டம். பாறசாலை, காரோடு வட்டாரத்தில் எல்லையைக் கடக்கும் சரக்கு லாரி இன்று விற்பனை வரிக்காக எங்கும் வரிசையில் நிற்பதில்லை. ஓட்டுநரிடம் பன்னிரண்டு இலக்கம் கொண்ட ஓர் எண் இருக்கிறது, அதுவே வழிச்சீட்டு.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே அமரவிளையில் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்தது. விலைப்பட்டியலின் படிகள், சரக்கை அனுப்பியவரும் பெறுபவரும் யார் என்னும் உறுதிமொழி, வரிப்பதிவு எண் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஓட்டுநரோ கிளீனரோ சன்னலுக்கு ஓடுவார். முத்திரை விழும்வரை வண்டி நகராது. அந்த வரிசையைப் பற்றிய நினைவுகள் இவ்வட்டாரத்தில் இன்னும் ஆறவில்லை. சாவடியை ஊழலின் இருப்பிடமாக மட்டும் நினைவுகூர்வது எளிது. ஆனால் வரலாற்று நோக்கில் அது வேறொரு வேலையையும் செய்தது: ஒரு மாநிலத்து வணிகர் மற்றொரு மாநிலத்து வணிகருக்கு எழுதிய தாளுக்கு மூன்றாவது ஒருவர் சாட்சி நின்ற இடம் அது. அந்தச் சாட்சி எவ்வாறு தாளிலிருந்து கணிதத்துக்கு இடம் மாறியது என்பதே இங்கு பேசப்படும் கதை.

காரோடு என்றும் எல்லைக் கிராமமாக இருந்ததில்லை. திருவிதாங்கூர் அரசின் காலத்தில் கிழக்கு எல்லை ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. அந்த எல்லையிலுங்கூட 1865 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இந்திய அரசு, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கைக்குப் பின், புகையிலை, உப்பு போன்ற சில பொருள்கள் நீங்கலாகப் பெரும்பாலான சரக்குகளுக்குச் சுங்கம் எடுக்கப்பட்டுவிட்டது. நாகர்கோவில் வணிகருக்கு நெய்யாற்றின்கரை அப்போது உள்ளூர்ச் சந்தை. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அந்த ஒரு நாளில் காரோடு, பாறசாலை, களியக்காவிளை என்னும் பெயர்களுக்கு எல்லை என்ற பொருள் ஏறியது.

அதே ஆண்டின் கடைசியில் இன்னொன்று நிகழ்ந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின் பரபரப்பில் பலர் அதைக் கவனிக்கவில்லை. மத்திய விற்பனை வரிச் சட்டம் 1956 டிசம்பர் 21 அன்று சட்டமாயிற்று. மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்கு வரி விதிக்கும் இச்சட்டத்தின்படி 1957 ஜூலை 1 முதல் வரி வசூலிக்கப்பட்டது. எல்லையும் எல்லை கடந்த விற்பனைக்கான வரியும் இரண்டு மாத இடைவெளியில் பிறந்தன. சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலை 1 அன்று, சரக்கு மற்றும் சேவை வரி வந்து அதை அகற்றியது. இந்த அறுபது ஆண்டுகளும் சி படிவத்தின் ஆட்சிக்காலம் என்று சொல்வது மிகையாகாது.

சி படிவம் என்னவென்று இளைய தலைமுறை வணிகர்களுக்கு இப்போது விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்த்தாண்டத்து மொத்த வணிகர் ஒருவர் நெய்யாற்றின்கரைக் கடைக்காரருக்கு ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு விற்கிறார் என்று கொள்வோம். இரண்டு ஊர்களுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை; ஆனாலும் அது மாநிலம் கடந்த விற்பனை. வாங்குபவர் பதிவுபெற்ற வணிகராக இருந்து, தாம் வாங்கியதற்குச் சான்றாக சி படிவம் தந்தால் 1975 க்குப் பிந்தைய விகிதப்படி 4 சதவீத வரி போதும். தராவிட்டால் 10 சதவீதம், அல்லது உள்ளூர் வரி அதைவிடக் கூடுதலென்றால் அந்த விகிதம். அதாவது ஒரு துண்டுத் தாளின் மதிப்பு குறைந்தது 6,000 ரூபாய். படிவத்தை வாங்குபவர் தம் மாநில வரி அலுவலகத்தில் எண்ணிட்ட புத்தகமாகப் பெறுவார். அடிக்கட்டை அவரிடம் நிற்கும். மூலமும் இரண்டாம் படியும் எல்லை கடந்து விற்றவரிடம் போகும். விற்றவர் மூலத்தைத் தம் மாநில அலுவலகத்தில் ஒப்படைப்பார். பிற்காலத்தில் ஒரு காலாண்டு விற்பனைக்கு ஒரு படிவம் போதும் என்று விதி தளர்ந்தது.

இவ்வமைப்பில் ஒரு நுட்பமான வலி இருந்தது. சரக்கு போய்விட்டது, பணமும் வந்திருக்கலாம். ஆனால் விற்றவரின் வரிக்கணக்கு, வாங்கியவர் அனுப்பப்போகும் ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருக்கும். வாங்கியவருக்கு அவசரமில்லை. அவருக்குப் படிவப் புத்தகம் கிடைக்காமலிருக்கலாம். பழைய பாக்கித் தகராறில் வேண்டுமென்றே தாமதிக்கலாம். கடையை மூடிவிட்டே போயிருக்கலாம். படிவம் கேட்டு எல்லைக்கு அப்பால் ஆள் அனுப்புவதும், தராதவருக்கு அடுத்த சரக்கை நிறுத்துவதும் மொத்த வணிகத்தின் அன்றாட நடைமுறைகளாயின.

தாளுக்குரிய எல்லா நோய்களும் சி படிவத்துக்கும் வந்தன. அஞ்சலில் தொலைந்தது, பாதுகாப்புக்கு ஈட்டுறுதிப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. போலியாக அச்சிடப்பட்டது. வெற்றுப் படிவம் திருட்டுப் போனால் அதன் வரிசை எண்ணை அரசிதழில் வெளியிட்டு, இனி அது செல்லாது என்று அறிவித்தார்கள். இந்தக் கடைசி நடைமுறை கவனத்துக்குரியது. இன்றைய மின்னணுக் கையொப்ப அமைப்பில் திருட்டுப்போன சான்றிதழ்களின் எண்களைச் சான்றளிக்கும் நிறுவனம் ‘நீக்கப்பட்டவை’ என்று பட்டியலிட்டு வெளியிடுகிறது. சரிபார்ப்பவர் அப்பட்டியலைப் பார்த்த பின்பே கையொப்பத்தை நம்ப வேண்டும். அரசிதழின் வரிசை எண்கள் செய்த வேலையும் அதுவே. வேறுபாடு ஒன்றுதான்: அரசிதழ் மார்த்தாண்டத்துக் கடைக்கு வந்து சேர்வதற்குள் சரக்கும் போய்விடும், படிவத்தைத் தந்தவரும் போய்விடுவார்.

அஞ்சல் என்ற சொல்லே திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் தபால் சேவைக்கு வழங்கிய பெயர். ‘அஞ்சல்காரன்’ மணி கட்டிய கோலோடு ஓடிய காலம் போய், 1951 இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. சி படிவங்கள் பெரும்பாலும் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு பயணம் செய்தன. பெறுபவர் கையெழுத்திட்ட அந்த அட்டை அனுப்பியவருக்குத் திரும்பி வரும். ஆனால் அந்த அட்டை எதற்குச் சான்று? உறை கைக்கு வந்தது என்பதற்கு மட்டுமே. உறைக்குள் என்ன இருந்தது என்பதற்கு அன்று. ‘வெறும் தாள்தான் வந்தது’ என்று பெற்றவர் சொன்னால் அனுப்பியவர் திணறுவார். இச்சிறிய ஓட்டையை அடைக்கும் வழி உலகுக்குக் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. அதைக் காண எல்லையை விட்டுச் சற்று வெளியே போக வேண்டும்.

1948 ஜூனில் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை அடைத்தபோது, நகரின் உணவும் நிலக்கரியும் விமானங்களில் வந்தன. பல நாடுகளின் சரக்கு, பல மொழிகளின் சரக்குச்சீட்டு. விமானம் இறங்கி மீண்டும் எழும் குறுகிய நேரத்துக்குள் சீட்டைப் படித்து முடிக்கவே முடியவில்லை. எட்வர்டு கில்பர்ட் என்ற அமெரிக்கப் படைத்துறை அலுவலர் எல்லாச் சரக்குக்கும் ஒரே அமைப்பிலான சீட்டை வகுத்தார். டெலக்ஸ், தொலைபேசி, வானொலித் தட்டச்சு எதில் அனுப்பினாலும் பொருந்தும்படி அது இருந்தது. பின்னர் தனியார் துறைக்குச் சென்ற அவர், 1968 இல் அமெரிக்கப் போக்குவரத்து நிறுவனங்கள் அமைத்த தரவு ஒருங்கிணைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மின்னணுத் தரவுப் பரிமாற்றம், சுருக்கமாக இடிஐ, என்று இன்று வழங்கும் துறை இவ்வாறு தொடங்கியது. 1979 இல் அமெரிக்கத் தரக் குழுவின் எக்ஸ்12, 1987 இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவில் எடிஃபாக்ட் எனத் தரங்கள் வந்தன. கொள்முதல் ஆணை, விலைப்பட்டியல், சரக்கு அனுப்பிய அறிவிப்பு ஆகியவை மனிதர் படிக்கும் கடிதங்களாக அல்லாமல் கணினி படிக்கும் வரிசைகளாக ஆயின.

அந்த வரிசைகள் எதன் வழியே சென்றன? கட்டணம் வாங்கும் தனியார் வலையமைப்புகள் வழியே. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அங்கே ஓர் அஞ்சற்பெட்டி. ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். செய்தி போனதற்கும் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டதற்கும் வலையமைப்பின் உரிமையாளரே சாட்சி. அமரவிளைச் சாவடிக்கும் இதற்கும் இயல்பில் வேற்றுமை இல்லை; நடுவில் நின்றவர் கூலி வாங்கிக்கொண்டு சாட்சி சொன்னார்.

இணையம் பரவியபோது அந்தக் கூலி வீண் என்று நிறுவனங்களுக்குத் தோன்றியது இயல்பே. ஆனால் இணையத்தில் செல்லும் செய்தி அஞ்சலட்டை போன்றது. வழியில் கையில் எடுக்கும் எவரும் படிக்கலாம். படித்தபின் திருத்தியும் விடலாம். பொதுவெளியில் இருவர் மட்டும் இரகசியம் பேச முடியுமா என்ற வினா தமிழ் வணிகத்துக்குப் புதிதன்று. மாட்டுச் சந்தையில் நூறு பேர் சூழ நிற்கும்போதே தரகரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை முடிப்பார்கள். நன்னூல் உரைகாரர்கள் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாகப் பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று வழங்குவதைச் சொல்வார்கள். சொல் வெளியே கேட்கும், பொருள் குழுவுக்குள் நிற்கும். இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு. இருவரும் முன்பே சந்தித்திருக்க வேண்டும், குறியைக் கற்றிருக்க வேண்டும், அல்லது ஒரே துண்டுக்குள் கை நுழைக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். முன்பின் அறியாத இருவர் கடல் கடந்த தூரத்திலிருந்து அதைச் செய்ய இயலாது என்றே மறைகுறிக் கலை பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தது.

1976 இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் அந்த நம்பிக்கையை உடைத்தனர். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமிர், அடில்மன் மூவரும் செயல்முறையைக் கண்டனர். ஒவ்வொருவருக்கும் இரண்டு திறவுகோல்கள்: ஒன்றை ஊரறிய வெளியிடலாம், மற்றொன்றை எவருக்கும் காட்டக் கூடாது. வெளியிட்ட திறவுகோலால் பூட்டியதை மறைத்த திறவுகோலால் மட்டுமே திறக்க முடியும். ஆகவே அறிமுகமில்லாதவரும் பூட்டி அனுப்பலாம். மறைத்த திறவுகோலால் இட்ட ஒப்பத்தை வெளியிட்ட திறவுகோலால் எவரும் சரிபார்க்கலாம். ஆகவே எழுதியவர் பின்னர் ‘நான் எழுதவில்லை’ என்று சொல்வது கடினம். பிரிட்டிஷ் உளவுத்துறைக் கணிதவியலாளர்கள் இதைச் சில ஆண்டுகள் முன்பே கண்டிருந்தனர் என்பது 1997 இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இரகசியத்தைக் காக்கும் வழியையே இரகசியமாக வைத்திருந்தார்கள்!

இக்கணிதத்தை வணிகத் தாளுக்குப் பொருத்திய நெறிமுறைகளுள் பெரிதும் பரவியது ஏஎஸ்2. இதன் விதிமுறை 2005 ஜூலையில் முறையாக வெளியாயிற்று. ஆனால் 2002 இலேயே வால்மார்ட் தன் வழங்குநர்களிடம் ‘இனி இவ்வழியில் தரவு அனுப்புங்கள்’ என்று சொல்லிவிட்டது. பெரிய வாங்குபவர் ஒருவர் சொன்னால் தரம் தானே பரவும். தரக் குழுக்கள் பல ஆண்டுகள் பேசியும் நடக்காத ஒன்று ஒரு கொள்முதல் துறையின் கடிதத்தால் நடந்தது. ஏஎஸ்2 முறையில் விலைப்பட்டியல் பெறுபவரின் திறவுகோலால் பூட்டப்பட்டு, அனுப்புபவரின் ஒப்பத்தோடு செல்கிறது. அதனினும் சிறப்பானது திரும்பி வரும் ஒப்புகை. பெறுபவரின் கணினி, தனக்கு வந்த செய்தியிலிருந்து ஒரு கணிதச் சுருக்கத்தைக் கணக்கிட்டு, அதை ஒப்புகையில் எழுதி, தன் ஒப்பமிட்டு அனுப்புகிறது. செய்தியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சுருக்கம் முற்றிலும் வேறாகிவிடும். அதைச் செய்தியின் கைரேகை எனலாம். ஆகவே ‘உறை வந்தது, உள்ளே வெறும் தாள்’ என்று இனிச் சொல்ல முடியாது. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையில் இருந்த ஓட்டை இங்கே அடைபட்டது.

இந்தியாவில் வழி வேறாயிற்று. இங்கு வணிகரை மின்னணுத் தாளுக்கு இழுத்தது பெரிய வாங்குபவர் அல்லர், அரசு. சுங்கத்துறை 1995 இல் டெல்லியில் இடிஐ முறையைச் சோதனையாகத் தொடங்கியது. 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், இரு திறவுகோல் முறையில் இட்ட ஒப்பத்துக்குக் கைக்கையெழுத்தின் தகுதியைத் தந்தது. இவை துறைமுகத்துக்கும் பெருநகரத்துக்கும் எட்டின. காரோட்டு எல்லைக்கு எட்டவில்லை. கேரளம் 2005 ஏப்ரலிலும் தமிழ்நாடு 2007 ஜனவரியிலும் மதிப்புக்கூட்டு வரிக்கு மாறின. சி படிவங்களை மாநிலங்கள் தம்முள் சரிபார்த்துக்கொள்ள டின்க்ஸிஸ் என்ற இணையத்தளமும் வந்தது. படிவ எண்ணை இட்டால் அது உண்மையா என்று தெரியும். ஆனால் படிவம் கொடுத்த மாநிலம் தரவேற்றியிருந்தால்தான் தெரியும். தாள் அப்படியே இருந்தது, தாளைப் பற்றிய ஐயத்துக்கு மட்டும் ஒரு கணினி கிடைத்தது.

சரக்கு மற்றும் சேவை வரிக்கான வலையமைப்பு நிறுவனம் 2013 மார்ச்சில் பதிவாயிற்று. 2017 ஜூலை முதல் வாரத்திலேயே 22 மாநிலங்கள் சோதனைச் சாவடிகளை நீக்கிவிட்டதாக மத்திய நிதியமைச்சகம் அறிவித்தது. அமரவிளையில் மதுவிலக்கு ஆயத்துறையின் சோதனை தொடர்ந்தாலும் விற்பனை வரியின் சன்னல் மூடப்பட்டது. சாவடிக்குப் பதிலாக வரவேண்டிய இ-வே பில் 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் தொடங்குவதாக இருந்தது; முதல் நாளே தளம் சுமை தாங்காமல் சரிய, ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஒரு நாளில், சாவடியும் இல்லை, தளமும் இல்லை. ஏப்ரல் 1 முதல் மாநிலம் கடந்த சரக்குக்கும், கேரளத்துக்குள் ஏப்ரல் 15 முதலும், தமிழ்நாட்டுக்குள் ஜூன் 2 முதலும் அது நடைமுறைக்கு வந்தது. மாநிலம் கடந்து போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அந்தப் பன்னிரண்டு இலக்க எண் வேண்டும்.

ஆயினும் இ-வே பில் வண்டியைப் பற்றிய தரவு. வணிகர் வணிகருக்குத் தரும் தாள் விலைப்பட்டியல் அல்லவா? அது 2020 அக்டோபர் 1 அன்று மாறத் தொடங்கியது. ஆண்டு விற்பனை 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்கள், பிற வணிகருக்குத் தரும் பட்டியலை முதலில் அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். வரம்பு படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியாயிற்று. நிறுவனத்தின் கணினி ஒரு தற்காலிகத் திறவுகோலை உருவாக்கி, தளத்தின் பொதுத் திறவுகோலால் அதைப் பூட்டி அனுப்புகிறது. அதைக் கொண்டு இருபுறமும் ஓர் அமர்வுத் திறவுகோல் பகிரப்படுகிறது. பட்டியல் அதற்குள் மறைந்து செல்கிறது. தளம் அதைச் சரிபார்த்து, ஓர் எண் தந்து, தன் ஒப்பமிட்டுத் திருப்புகிறது. பட்டியலின் மூலையில் அச்சாகும் கியூஆர் கட்டத்தில் அந்த ஒப்பம் அடங்கியிருக்கிறது.

அந்த எண் 64 எழுத்து நீளமானது. விற்பவரின் வரிப்பதிவு எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகிய நான்கை மட்டும் ஷா-256 என்னும் முறையில் சுருக்கிப் பெறப்படுவது. தொகை அதில் இல்லை. எனவே எண் தனியே தொகைக்குச் சான்றாகாது. அது ஒரே பட்டியல் இருமுறை பதிவாகாமல் காக்கிறது. தொகை முதலான உள்ளடக்கம் மாறாமல் காப்பது தளத்தின் மின்னணுக் கையொப்பம். ‘64 எழுத்து இருக்கிறது, ஆகவே பட்டியல் சரி’ என்று கடைகளில் சொல்லப்படுவது பாதி உண்மை. கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயலியில் கட்டத்தைக் காட்டினால்தான் மீதி தெரியும்.

அதற்கும் அப்பால் ஓர் எல்லை உண்டு. ஒப்பம் ‘இதைச் சொன்னவர் இவர், சொன்னது மாறவில்லை’ என்று மட்டும் காட்டும். சொன்னது உண்மையா என்று அதற்குத் தெரியாது. சரக்கே நகராமல் பட்டியல் மட்டும் கைமாறும் மோசடிக்கு, பிழையற்ற ஒப்பத்தோடு கூடிய பட்டியலும் உதவவே செய்யும். போலிப் பதிவுகளுக்கு எதிராக 2023 மே 16 முதல் இரண்டு மாதம் நாடு தழுவிய சிறப்பு நடவடிக்கை எடுக்க வேண்டி வந்தது இதனாலேயே. சாவடி ஊழியர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். கணிதம் தார்ப்பாயைத் தூக்குவதில்லை. இரண்டாம் நூற்றாண்டில் முசிறியிலிருந்து ஹெர்மபொல்லான் என்ற கப்பலில் வந்த சரக்கைப் பற்றிய பாப்பிரஸ் ஒப்பந்தம் வியன்னாவில் இருக்கிறது. அதில் சரக்கு கிடங்கில் கடன் கொடுத்தவரின் முத்திரையின் கீழ் வைக்கப்படும் என்று எழுதப்பட்டிருக்கிறது. அம்முத்திரை பொருளின்மேல் விழுந்தது. இன்றைய முத்திரை சொல்லின்மேல் விழுகிறது.

இதன் விளைவைக் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் வணிகமே அனுபவித்தது. நாகர்கோவில் வட்டத்தில் பதிவுபெற்ற ரப்பர் தாள் வணிகர்கள் சிலர், வாங்கிய சரக்குக்கு வரியையும் சேர்த்து விற்றவர்களிடம் செலுத்தினர். விற்றவர்கள் தாக்கல் செய்த விவரத்தின்படி உள்ளீட்டு வரி வரவையும் எடுத்துக்கொண்டனர். பின்னர் நடந்த ஆய்வில் விற்றவர்கள் அரசுக்கு வரியைக் கட்டவில்லை என்று தெரிந்தது. அதிகாரிகள் வாங்கியவர்கள்மீது கேட்பாணை இட்டனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வுக்கு வந்தது. 2021 பிப்ரவரியில் அந்த ஆணைகளை நீதிமன்றம் நீக்கி, மறு விசாரணைக்கு அனுப்பியது. வாங்கியவரிடம் வரியைப் பெற்றுக்கொண்டு கட்டாத விற்பனையாளர்மீது ஏன் நடவடிக்கை இல்லை, அவரை ஏன் விசாரிக்கவில்லை என்பது தீர்ப்பின் மையம். இங்கே தரவில் பிழையில்லை. தரவு சொன்ன பணம்தான் வந்து சேரவில்லை.

சி படிவக் காலத்தோடு இதை ஒப்பிட்டால் ஒரு தலைகீழ் மாற்றம் புலப்படும். அன்று விற்றவர் காத்திருந்தார். அவருடைய வரிச்சலுகை வாங்கியவரின் தாளில் இருந்தது. இன்று வாங்கியவர் காத்திருக்கிறார்; அவருடைய வரி வரவு விற்றவரின் தரவேற்றத்தில் இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் இது சட்டத்தின் வெளிப்படையான நிபந்தனை: விற்றவர் தாக்கல் செய்து, வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி என்னும் அறிக்கையில் தோன்றினால்தான் வரவு. பெரிய நிறுவனம் விற்றால் தோன்றிவிடும். ஐந்து கோடிக்குக் கீழுள்ள சிறு வணிகருக்குக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வசதி 2021 ஜனவரியிலிருந்து உண்டு. மாதந்தோறும் பட்டியல்களை முன்கூட்டியே ஏற்றலாம் என்றாலும் கட்டாயமில்லை. ஏற்றாவிட்டால் வாங்கியவர் காலாண்டு முடியும்வரை பொறுக்க வேண்டும். சி படிவமும் காலாண்டுக்கு ஒன்றுதான். வணிகர் மாறினார், வழி மாறியது, காத்திருக்கும் காலம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் சிறு வணிகரைச் சார்ந்ததே. மின்விலைப்பட்டியல் வரம்புக்கு வெளியே நிற்கும் கடைக்காரர் தம் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறார். 2016 ஏப்ரல் முதல் அச்செயலியின் செய்திகள் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தில் செல்கின்றன. வழியில் எவரும் படிக்க முடியாது. ஆனால் படத்தில் உள்ள பட்டியலில் சரிபார்க்கத்தக்க ஒப்பம் ஏதுமில்லை. 16,000 என்பதை 76,000 ஆக்குவது ஒரு சிறுவனுக்கும் எளிது. பெரிய நிறுவனத்தின் பட்டியலுக்கு ஒப்பம் உண்டு. அதன் விலையும் வாடிக்கையாளர் பெயரும் அரசின் தளத்துக்கும் தெரியும். ஒருவரிடம் இரகசியம் இருக்கிறது, சான்று இல்லை; மற்றவரிடம் சான்று இருக்கிறது, இரகசியம் இல்லை. ஏஎஸ்2 இரண்டையும் ஒருங்கே தந்தது, ஆனால் அதற்குரிய மென்பொருளும் சான்றிதழும் ஆளும் வைத்திருப்பது எல்லைப்புற மொத்தக் கடைக்குத் தாங்கும் செலவன்று.

2024 அக்டோபர் 14 முதல் வரித்தளத்தில் விலைப்பட்டியல் மேலாண்மை முறை ஒன்று வந்திருக்கிறது. விற்றவர் ஏற்றிய பட்டியலை வாங்கியவர் ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும். ஒப்புகை அட்டை மீண்டும் வந்துவிட்டது எனலாம். ஆனால் கையெழுத்திடாமல் இருப்பதே இப்போது கையெழுத்து.

மாதந்தோறும் 14 ஆம் தேதி 2பி அறிக்கை உருவாகிறது. நெய்யாற்றின்கரைக் கடைக்காரர் அன்று தம் கணக்குப்பிள்ளையோடு கணினியைத் திறந்து, மார்த்தாண்டத்திலிருந்து வந்த சரக்கு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார். ஏறவில்லையெனில், சி படிவம் கேட்டு எல்லைக்கு அப்பாலிருந்து முன்பு தமக்கு வந்த அதே எண்ணுக்கு, இப்போது அவரே தொலைபேசியில் அழைக்கிறார்.